குடிநீர் உப்பும் ரத்த அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிக்கிற தண்ணீர் உப்பாகிவிட்ட இடங்களில் எழும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருகின்றன. சிலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவர்களோ "பழகிப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது தரப்பை நினைத்துத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. தண்ணி லேசா உப்பு கரிக்குது. அதுக்கும் பிரஷருக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. காரணம் சோடியம். சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. 1 கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அது தட்டிலிருந்து வந்ததா, டம்ளரிலிருந்து வந்ததா என்று உடல் பார்ப்பதில்லை.

ஆனால் உப்பாக இருக்கும் எல்லாத் தண்ணீரும் ஒரே அளவில் பிரஷரை ஏற்றாது. லிட்டருக்கு எவ்வளவு சோடியம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், குடிப்பவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

2. உப்பு உள்ள போனா பிரஷர் எப்படி ஏறுது?

உடலின் சோடியம் வரவு செலவைப் பார்ப்பது சிறுநீரகம். மிச்சமானதைச் சிறுநீரில் தள்ளிவிடும். தள்ளுகிற வேகத்தைவிட வரவு அதிகமானால் சோடியம் உடலில் தங்கும். தங்கும்போது நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்களுக்குள் கொள்ளளவு கூடுகிறது, இதயம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

ஏறிய அழுத்தமே சிறுநீரகத்திலிருந்து கூடுதல் சோடியத்தை வெளியே தள்ளவும் செய்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது, ஆனால் உயர்ந்த அழுத்தத்தில்தான் நேராகிறது. அப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் குழாய்ச் சுவர்கள் தடித்து விறைக்கும். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

3. எவ்வளவு இருந்தா ஜாஸ்தி? ஏதாவது கணக்கு இருக்கா?

பெரியவர் ஒருவர் ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்த்து 2,000 மி.கி. சோடியத்துக்குக் கீழே (உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குக் கீழே) இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குடிநீரில் சோடியத்துக்கென்று உடல்நலம் சார்ந்த உச்சவரம்பை அந்த நிறுவனம் வைக்கவில்லை. லிட்டருக்கு 200 மி.கி. என்று அடிக்கடி காட்டப்படும் எண், அதற்கு மேல் போனால் சுவை பிடிக்காமல் போகலாம் என்பதற்கான அளவு. "200க்குள் இருந்தால் பிரஷருக்குப் பாதுகாப்பு" என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கணக்கை நீங்களே போடலாம். லிட்டருக்குள்ள சோடியத்தைக் குடிக்கும் லிட்டரால் பெருக்குங்கள். நாளைக்கு இரண்டரை லிட்டர் குடிப்பவருக்கு, 50 மி.கி. உள்ள தண்ணீரிலிருந்து 125 மி.கி. வரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. 200 மி.கி. என்றால் 500, நாளின் அளவில் கால் பங்கு தண்ணீரிலேயே போய்விட்டது. 600 மி.கி. என்றால் 1,500. அதற்குமேல் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது வெறும் 500தான். சமையலுக்கும் அதே தண்ணீர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொதித்து வற்றும்போது நீர் போகும், உப்பு பாத்திரத்திலேயே தங்கும்.

மருத்துவர் மிகக் கடுமையான சோடியக் கட்டுப்பாடு விதித்தவர்களுக்கு அளவு வேறு. நாளைக்கு 500 மி.கி. மட்டுமே என்று சொல்லப்பட்டவர்களை மனதில் வைத்து, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை லிட்டருக்கு 20 மி.கி. என்ற வழிகாட்டு அளவைச் சொல்கிறது.

4. வாயில வச்சா உப்பே தெரியல. அப்போ பயமில்லதானே?

நாக்கை நம்பாதீர்கள். முந்தைய கணக்கில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும் 200 மி.கி. தண்ணீர்கூடப் பலருக்கு நல்ல தண்ணீராகவே தோன்றும். சோடியம் குளோரைடாக இல்லாமல் பைகார்பனேட்டாக இருந்தால் கரிப்பு இன்னும் குறைவாகத் தெரியும். தினமும் குடிப்பவர்களுக்கு நாக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வரும் உறவினர் முதல் மடக்கிலேயே முகம் சுளித்தால், அந்த முகச்சுளிப்பு உங்கள் நாக்கைவிட நம்பகமான கருவி.

5. காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையா படியுது, சோப்பு நுரைக்கல. அந்த உப்பும் பிரஷரை ஏத்துமா?

அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகள். கடின நீர் என்பது இதுதான். பிரஷரை ஏற்றும் சோடியம் அப்படிப் படியாது; தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். கால்சியமும் மெக்னீசியமும் ரத்த அழுத்தத்தைக் கூட்டுவதில்லை, சற்றுக் குறைக்கும் பக்கமே நிற்கின்றன (கேள்வி 9இல் இது திரும்ப வரும்).

கடினத்தன்மையும் சோடியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே படிவு இருப்பதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

6. டி.டி.எஸ். மீட்டர்ல 900 காட்டுது. ஆபத்தா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சிறு கருவி தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்திருக்கும் தாதுக்களின் மொத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. எந்தத் தாது என்று அதற்குத் தெரியாது. 900 காட்டும் ஒரு தண்ணீர் பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட்டாக இருந்து சோடியம் சொற்பமாக இருக்கலாம். அதே 900 காட்டும் இன்னொன்று பெரும்பாலும் சமையல் உப்பாக இருந்தால் சோடியம் லிட்டருக்கு 350 மி.கி.யை நெருங்கும்.

மீட்டர் வீண் என்று சொல்லவில்லை. சமையல் உப்பின் எடையில் சோடியம் சுமார் 40 சதவீதம். எனவே மீட்டர் 150 காட்டினால் சோடியம் 60 மி.கி.யைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கவலையை விடலாம். அதேபோல 600 காட்டிக்கொண்டிருந்த கிணறு 1,200க்கு ஏறினால் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும். எண் சிறியதாக இருந்தால் அமைதி, பெரியதாக இருந்தால் ஆய்வகம்.

7. லேப்ல எதையெல்லாம் பார்க்கச் சொல்லணும்?

சோடியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை. "குடிநீர்ப் பரிசோதனை" என்று பொதுவாகக் கேட்டால் சோடியம் விட்டுப்போகலாம், பெயர் சொல்லிக் கேளுங்கள். கூடவே நைட்ரேட்டும் கிருமிப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. உப்பில்லாத தண்ணீர் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் வறண்ட காலத்தின் கடைசியில் எடுங்கள். மழை பெய்த மறுவாரம் எடுத்த மாதிரி, ஆண்டின் மிக நல்ல முகத்தைத்தான் காட்டும்.

8. தண்ணியாலயே பிரஷர் கூடினதா எங்கயாவது பார்த்திருக்காங்களா, இல்ல சும்மா சொல்றதா?

பார்த்திருக்கிறார்கள். அதிகமாக ஆராயப்பட்ட இடம் வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரம். குல்னா பகுதியில் உள்ள தாகோப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளின் விகிதம் மழைக்காலத்தைவிட வறண்ட காலத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டதாக 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே ஆறும் குளமும் கிணறும் வறண்ட மாதங்களில் உவர்த்துப்போகும். அந்த மாதங்களில் தண்ணீர் வழியாக மட்டுமே நாளைக்கு 5 கிராம் முதல் 16 கிராம் வரை சோடியம் உடலுக்குள் போவதாக மதிப்பிட்டார்கள். கேள்வி 3இல் சொன்ன 2 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள மக்களிடம் போய் "சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்" என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

2017இல் அதே கடலோரத்தில் மக்களைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு வந்தது. குடிநீரில் சோடியம் லிட்டருக்கு 100 மி.கி. குறையும்போது, மேல் அழுத்தம் சராசரியாக 0.95 பாயின்ட்டும் கீழ் அழுத்தம் 0.57 பாயின்ட்டும் குறைந்திருந்தன. ஒரு பாயின்ட்தானே என்று தோன்றும். ஆனால் லிட்டருக்கு 700 மி.கி. உள்ள கிணற்றிலிருந்து மழைநீருக்கு மாறும் ஒருவருக்கு அது ஆறேழு பாயின்ட். ஓர் ஊர் முழுவதற்கும் சராசரி அவ்வளவு இறங்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் எத்தனையோ வீடுகளில் தவிர்க்கப்படும்.

அதிலும் பழையது, 1970களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் நடந்தது. குடிநீரில் சோடியம் அதிகமுள்ள ஊரின் பள்ளி மாணவர்களுக்கு, குறைவாக உள்ள ஊர் மாணவர்களைவிட அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. பின்னால் நடந்த சோதனைகள் எல்லாம் அதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. அங்கே பேசப்பட்ட அளவு லிட்டருக்கு சுமார் 100 மி.கி.தான். அளவு குறைவாக இருக்கும்போது விளைவு சாப்பாட்டு உப்பின் நிழலில் மறைந்துவிடும். அதிகமாக இருக்கும்போது மறையாது. இதுவரை வந்த ஆய்வுகளை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

9. உப்புத் தண்ணி குடிச்சவங்களுக்கு பிரஷர் குறைவா இருந்துச்சுன்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சாமே? எதை நம்புறது?

ஆம், 2019இல், அதுவும் அதே வங்கதேசக் கடலோரத்திலிருந்து. லேசான உவர்ப்புள்ள தண்ணீர் குடித்தவர்களுக்கு, உப்பே இல்லாத தண்ணீர் குடித்தவர்களைவிட அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தது. லேசான உவர் நீரில் சோடியத்தோடு கால்சியமும் மெக்னீசியமும் கூடவே வருகின்றன, அவை சோடியத்தின் விளைவைச் சமன்செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நிலத்தடியில் நன்னீரைச் செலுத்தி உவர்ப்பைக் குறைத்துக் கொடுத்த ஒரு திட்டத்திலும் எதிர்பார்த்தபடி அழுத்தம் இறங்கவில்லை.

இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: பார்க்க வேண்டியது உப்பு கரிக்கிறதா என்பதை அல்ல, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பதை. லேசான உவர்ப்பு, கால்சியம் நிறைய, சோடியம் கொஞ்சம் என்றால் பதற வேண்டாம். நன்றாகக் கரிக்கும் தண்ணீருக்கு இந்த ஆய்வு அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை.

10. வீட்ல எல்லாரும் அதே தண்ணிதான் குடிக்கிறோம். எனக்கு மட்டும் ஏன் பிரஷர்?

சோடியத்துக்கு எல்லா உடலும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. வயதானவர்கள், ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு அதே உப்பு கூடுதலாக ஏற்றும். பரம்பரையும் உண்டு. இன்று நன்றாக இருக்கும் வீட்டு ஆட்கள் நாளைக்கும் அப்படியே இருப்பார்கள் என்பதும் இல்லை. பிரஷர் வந்த ஒருவரை வைத்து வீட்டில் எல்லோரும் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

11. கர்ப்பமா இருக்கேன். உப்புத் தண்ணி குடிக்கலாமா?

லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் சோடியம் உள்ள தண்ணீர் என்றால், மாற்றுத் தண்ணீர் தேடுவதில் வீட்டிலேயே முதல் உரிமை உங்களுக்குத்தான். கர்ப்பகால ரத்த அழுத்தமும், அதன் தீவிர வடிவமான முன்சூல்வலிப்பும் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்தானவை. தாகோப்பிலேயே கர்ப்பிணிகளிடம் நடந்த பின்னாளைய ஆய்வு, குடிநீரில் சோடியம் கூடக்கூட இவ்விரண்டும் கூடுவதைக் காட்டியது.

தண்ணீரை மாற்றிவிட்டோம் என்று பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் வந்தால் அன்றே மருத்துவமனை.

12. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க இந்தத் தண்ணியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. குழந்தையின் சிறுநீரகத்துக்கு மிகுதியான சோடியத்தை வெளியேற்றும் திறன் இன்னும் வந்திருக்காது. பால் பவுடரில் வேறு சோடியம் இருக்கிறது. சோடியம் குறைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் கலக்குங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தனியாகத் தண்ணீரே தேவையில்லை.

13. காய்ச்சிக் குடிச்சா உப்பு போயிடாதா? ஃபில்டர் இருக்கு, அது போதாதா?

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகிப்போவதால் உப்பு சற்று அடர்த்தியாகவே ஆகும். துணியில் வடிகட்டுவது, பீங்கான் வடிகட்டி, கரி வடிகட்டி, புற ஊதா விளக்கு எதுவுமே கரைந்த உப்பைத் தொடாது. வீட்டளவில் சோடியத்தை நீக்குவது ஆர்.ஓ. அல்லது ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிடிப்பது. ஆர்.ஓ. நல்ல நிலையில் இருந்தால் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீக்கிவிடும். சவ்வு பழுதானால் சத்தமில்லாமல் உப்பு கசியும். கேள்வி 6இல் சொன்ன மீட்டர் இங்கேதான் உண்மையில் உதவும்: உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அவ்வப்போது அளந்து பாருங்கள்.

14. ஆர்.ஓ. போட்டா நல்ல தாதுச்சத்தும் போயிடும்னு சொல்றாங்களே?

போகும். கால்சியமும் மெக்னீசியமும் சோடியத்தோடு சேர்ந்து வெளியேறும். ஆனால் இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் உணவிலிருந்து பெறுகிறோம். லிட்டருக்கு 500 மி.கி. சோடியம் உள்ள தண்ணீரைத் தாதுச்சத்துக்காகக் குடிப்பது சரியான பேரம் அல்ல. சோடியம் 40, 50 மட்டுமே உள்ள கடின நீரை ஆர்.ஓ. போட்டு வெறுமையாக்குவதும் தேவையற்ற வேலைதான். முதலில் பரிசோதனை, பிறகு கருவி.

15. கடின நீருக்கு வீட்ல சாஃப்ட்னர் போட்டிருக்கோம். அது சேஃப்தானே?

குளிக்கவும் துவைக்கவும் நல்லது. குடிக்க வேண்டாம். உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. உள்ள தண்ணீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்கு சுமார் 138 மி.கி. சோடியம் புதிதாகச் சேரும். உதவுவதை எடுத்துவிட்டுத் தொல்லை தருவதைச் சேர்ப்பது போலாகிவிடும். சமையலறைக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே பிரித்துவிடச் சொல்லுங்கள்.

16. உப்புத் தண்ணியில குளிச்சா பிரஷர் ஏறுமா?

ஏறாது. தோல் வழியாகப் பொருட்படுத்தும் அளவுக்குச் சோடியம் உள்ளே போவதில்லை.

17. அப்போ தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சிறுநீரகக் கல், சிறுநீர்த் தொற்று, வெயிலில் மயக்கம் என்று வேறு தொல்லைகளை வாங்கிக்கொள்வீர்கள். குறைக்க வேண்டியது சோடியத்தை. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு.

18. எங்களுக்கு வேற தண்ணியே இல்ல. என்னதான் செய்றது?

வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலைந்து லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும். மழைநீரில் சோடியம் மிகக் குறைவு. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் சேமித்து, கிருமிநீக்கம் செய்து குடிக்கலாம். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கலந்து குடித்தாலும் பயன் உண்டு: 600 மி.கி. தண்ணீரில் சரிபாதி மழைநீர் கலந்தால் 300.

உவர் நீரிலேயே சமைக்க வேண்டியிருந்தால் உப்பு போடுவதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பொட்டாசியம் உள்ள பழமும் காய்கறியும் சோடியத்தை வெளியேற்ற உதவும். ஆனால் சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தைத் தேக்கும் வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அது இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

19. வெயில்ல வேலை பார்க்கிறேன், ஊத்தி ஊத்தி வேர்க்குது. எனக்கு உப்புத் தண்ணி நல்லதுதானே? பேதிக்கு ஓ.ஆர்.எஸ். மட்டும் குடிக்கச் சொல்றாங்களே?

வியர்வையில் சோடியம் போவது உண்மை. ஆனால் உழைப்பாளி ஐந்து, ஆறு லிட்டர் குடிப்பார், 600 மி.கி. தண்ணீரில் அது 3,000 முதல் 3,600 மி.கி. வரை ஆகிவிடும். வேலையில்லாத நாளிலும், குளிர்ந்த மாதத்திலும் அதே தண்ணீர்தான் தொடர்கிறது. இழப்பை ஈடுகட்ட பெரும்பாலோருக்குச் சாப்பாடே போதும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 1,700 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. அது வயிற்றுப்போக்கில் இழந்ததைத் திருப்பித் தர, ஓரிரு நாளுக்கு. பிரஷர் இருந்தாலும் பேதியின்போது அதைத் தவிர்க்காதீர்கள். கரைக்க மட்டும் உவர்ப்பில்லாத தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

20. நல்ல தண்ணிக்கு மாறிட்டேன். எத்தனை நாள்ல பிரஷர் குறையும்? மாத்திரையை நிறுத்தலாமா?

உப்பைக் குறைத்தால் வரும் மாற்றம் சில வாரங்களில் தெரியும். பிரஷர் உள்ளவர்கள் நாளைக்கு 4, 5 கிராம் உப்பை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குறைத்தால், மேல் அழுத்தம் சராசரியாக 5 பாயின்ட் அளவுக்கு இறங்குகிறது. உங்களுக்குக் கூடவோ குறையவோ இருக்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மனநலத்துக்காக லித்தியம் எடுப்பவர்கள் தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சோடியம் திடீரென்று குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

21. கிணறு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ ஏன் உப்பாச்சு?

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், அதைவிடக் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் நெஞ்சு பதைக்கும்: அதிகம் இறைத்து மேலே ஒரு மீட்டரை இழந்தால், கீழே நாற்பது மீட்டரை இழக்கும் நிலைக்குப் போகிறோம். புயல் அலை உள்ளே வருவதும், கடல்மட்டம் உயர்வதும், உவர்நீர்ப் பண்ணைகளும் இதோடு சேரும். கடல் இல்லாத வறண்ட நிலங்களிலும் பாசன நீர் ஆவியாகி உப்பு தங்குவதால் கிணறு கரிக்கலாம். கெடுவதற்கு ஆகும் காலத்தைவிட மீள்வதற்கு ஆகும் காலம் மிக நீளம்.

22. எனக்கு பிரஷர் வந்தது தண்ணியாலதான்னு உறுதியாத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

தனி ஒருவருக்கு "இதனால்தான்" என்று சொல்லிவிட முடியாது. வயது, எடை, பரம்பரை, மது, தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் பிரஷர். ஆனால் உடலுக்குள் மொத்தம் எவ்வளவு சோடியம் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். உண்ட சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறும். ஆகவே 24 மணி நேரச் சிறுநீரை முழுதாகச் சேகரித்து அதில் சோடியத்தை அளந்தால் மொத்த வரவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். கேள்வி 3இன் கணக்குப்படி தண்ணீரின் பங்கைக் கழித்தால் மிச்சம் சாப்பாட்டினுடையது.

இந்தக் கணக்கில் மறைந்திருப்பவற்றையும் தேடுங்கள். நுரைத்துக் கரையும் வலி மாத்திரைகள் சிலவற்றில், ஒரு மாத்திரைக்கே 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கும். மூட்டு வலிக்காகத் தினமும் அவற்றைப் போடும் ஒருவர், தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு ஏன் பிரஷர் இறங்கவில்லை என்று குழம்புவார். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவோடு சேர்த்து மருத்துவர் முன் வையுங்கள்.